தைல மரத்தடியில் மல்லாட்டை ஏன் வளரவில்லை?

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம்)

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். யாருகிட்டன்னு கடைசியில் சொல்றேன்.

எங்க மாமாவுக்கு வானூர் பக்கம் ஒரு கொல்லை இருக்கு. லாஸ்பேட்டையிலிருந்து பைக்கில் போயிடலாம். செம்மண். வருஷா வருஷம் மல்லாட்டை போடுவார். வேற ஊரில் கேட்கிறவங்களுக்காகச் சொல்றேன், மல்லாட்டைன்னா வேர்க்கடலை. பக்கத்து கொல்லைக்காரர் வரப்பு ஓரமா தைல மரம், அதாவது யூகலிப்டஸ், வரிசையா வச்சிருக்கார். அந்த வரப்பை ஒட்டின நாலு சாலில் மட்டும் மல்லாட்டை குட்டையா, வெளிறிப்போய் நிற்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாமா என்கிட்ட, "நீ இன்ஜினியர்தானேடா, என்னன்னு பார்த்துச் சொல்லு"ன்னார்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். மல்லாட்டைக்கும் எனக்கும் உள்ள உறவு, பீச் ரோட்டில் வாங்கித் தின்பதோடு சரி. ஆனாலும் பத்து நிமிஷம் கூகுள் பண்ணிட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன். "தைல மரம் மண்ணுக்குள்ள விஷம் விடுது மாமா. அதுக்கு அலெலோபதின்னு பேரு." மாமா அதை டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிட்டார். பக்கத்து கொல்லைக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒரே போர்வெல்லில் முறை வச்சுத் தண்ணி பாய்ச்சின ரெண்டு பேரும் அன்னையிலிருந்து பேசிக்கிறதில்லை.

நான் சொன்னதில் எது சரி, எது தப்பு என்பதுதான் இன்னைக்கு விஷயம்.

அலெலோபதின்னா என்ன?

ஒரு செடி வெளியேற்றுகிற வேதிப்பொருள் பக்கத்துச் செடியின் முளைப்பையோ வளர்ச்சியையோ பாதிப்பதுதான் அலெலோபதி. இந்தப் பேரை வச்சவர் ஹான்ஸ் மோலிஷ் என்கிற ஆஸ்திரியத் தாவரவியலாளர், 1937-ல். 1920களின் கடைசியில் கல்கத்தா போஸ் நிறுவனத்துக்கு வந்து தங்கி வேலை பார்த்தவர் அவர்.

வேதிப்பொருள் வெளியே வர நாலு வழி இருக்கு. மழைத்தண்ணி இலையைக் கழுவிக் கீழே கொண்டு வரும். உதிர்ந்த இலை மக்கும்போது வரும். உயிரோட இருக்கிற வேரே கசியவிடும். சில செடிகளில் ஆவியாகவும் போகும்.

சந்தேகமே இல்லாத உதாரணம் நம்ம சோளம். அதோட வேர்த்தூவிகளின் நுனியில் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்த் துளிகள் சுரக்கும். அதில் இருக்கிற முக்கியமான பொருளுக்கு சோர்கோலியோன்னு பேரு. அது சின்னக் களைச்செடிகளின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்குது. களைக்கொல்லியா விற்கிற அட்ரசின் எந்த இடத்தில் கை வைக்குதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இதுவும் கை வைக்குது.

இன்னொரு கதை கலிபோர்னியாவில் நடந்தது. தோட்டங்களில் அழகுக்கு வைப்பாங்களே, சிவப்பா பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி பூக்கிற பாட்டில் பிரஷ் செடி, அதுக்குக் கீழே களை அதிகம் முளைக்கலைன்னு 1977-ல் ஒரு கம்பெனி விஞ்ஞானி கவனிச்சார். மண்ணிலிருந்து லெப்டோஸ்பெர்மோன் என்கிற பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க. அதோட அமைப்பை மாதிரியா வச்சு, பல வருஷம் மாத்தி மாத்திப் பார்த்து உருவாக்கினதுதான் மீசோட்ரியோன். 2001-ல் சந்தைக்கு வந்துச்சு. மக்காச்சோள வயலில் அதை அடிச்சா களைச்செடி பச்சை இழந்து வெளுத்துச் செத்துப்போகும்.

நம்ம ஊர் ரோட்டோரம் முழுக்க நிற்கிற பார்த்தீனியம்கூட இந்தப் பட்டியலில் உண்டு. அதில் பார்த்தெனின்னு ஒரு பொருள் இருக்கு. தைல மர இலையிலும் சினியோல் மாதிரி எண்ணெய்களும், ஃபீனால் வகைப் பொருள்களும் இருக்கு. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆக, நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

அப்போ தப்பு எங்கே?

லாகில் ஒரு வார்னிங்கைப் பார்த்ததும் "இதுதான் பக்"னு முடிவு கட்டுறதுதான் தப்பு. நான் பண்ணினது அதுதான்.

இதே தப்பைப் பெரிய ஆளுங்களும் பண்ணியிருக்காங்க. கலிபோர்னியாவில் வாசனையடிக்கிற சில புதர்களைச் சுத்தி ஒண்ணு ரெண்டு மீட்டருக்குப் புல்லே இருக்காது. 1964-ல் முல்லர் என்கிற பேராசிரியர் குழு, இலையிலிருந்து வர்ற ஆவிதான் காரணம்னு சயின்ஸ் இதழில் எழுதினாங்க. 1970-ல் பார்த்தலோமியூ என்கிறவர் ரொம்ப எளிமையா ஒண்ணு செஞ்சார். அந்த வெறும் தரையில் கம்பிவலைக் கூண்டு வச்சார். கூண்டுக்குள் புல் வளர்ந்துச்சு! புதரில் ஒளிஞ்சிருந்த முயலும் எலியும் வெளியே வந்து, பயமில்லாம எட்டுற தூரம் வரைக்கும் மேய்ஞ்சிருக்கு. வேதிப்பொருளுக்குப் பங்கே இல்லைன்னு இதனால் ஆகிடாது. ஆனா வேற காரணத்தை விலக்காம அலெலோபதின்னு சொல்லக்கூடாதுன்னு எல்லாரும் கத்துக்கிட்டாங்க.

ஏன்னா ஒரு மரம் பக்கத்துப் பயிரிடமிருந்து மூணு விஷயத்தைப் பறிக்கும். வெயில், தண்ணி, சத்து. இந்த மூணையும் தாண்டித்தான் விஷத்தைப் பத்தியே பேசணும். அதோட, மண்ணு கண்ணாடித் தட்டு கிடையாது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் இந்தப் பொருள்களைத் தின்னுடும், களிமண் பிடிச்சு வச்சுக்கும், மழை கீழே இறக்கிடும். லேபில் இலைச்சாறை ஊத்தினா விதை முளைக்காம போகலாம். அதே அளவு விஷம் வயலில் வேர் பக்கத்தில் சேருமாங்கறது வேற கேள்வி.

பன்னிரண்டு டீ கப்

போன வருஷம் இதை நானே சோதிச்சுப் பார்த்தேன். பன்னிரண்டு கப். நாலில் கொல்லை நடுவில் எடுத்த மண். நாலில் வரப்போரம் தைல மரத்தடி மண். நாலில் நடுமண்ணோட காய்ஞ்ச தைல இலையை நொறுக்கிக் கலந்தது. ஒவ்வொண்ணிலும் ரெண்டு மல்லாட்டை விதை. ஒரே மொட்டைமாடி, ஒரே அளவு தண்ணி, இருபது நாள்.

இலை கலந்த கப்பில் லேட்டா முளைச்சுது, வேரும் குட்டை. ஆனா வரப்போர மண்ணுக்கும் நடுமண்ணுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை!

அதாவது, இலையில் சரக்கு இருக்கு. ஆனா பயிரைக் குட்டையாக்குற அளவுக்கு அந்த மண்ணில் அது தங்கலை. கப்பில் இல்லாதது என்ன? நிழலும், உயிரோட இருக்கிற மர வேரும். வேர் கசியவிடுறது கப்பில் தெரியாதுன்னு நீங்க கேட்கலாம், நியாயம்தான். அதுக்காக, வரப்போரம் ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும் மாமாவைக் கூடுதலா ரெண்டு தண்ணி விடச் சொன்னேன். அந்தத் துண்டு பச்சை கட்டிருச்சு. பெரும்பங்கு பிரச்சினை தண்ணிப் போட்டிதான்.

இது ஆராய்ச்சி இல்லை. கப் கம்மி, ஒரே ஒரு பட்டம். ஆனா பத்து நிமிஷ கூகுளை விட மேல்.

ஆரோவில் காட்டில் பார்த்தது

1968-ல் ஆரோவில் ஆரம்பிச்சப்போ அந்த மேடு அரிச்சுப்போன செம்மண் பொட்டல். முதலில் வச்ச மரங்களில் ஒண்ணு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ். அங்கே அதை "ஒர்க் ட்ரீ"ன்னு சொல்வாங்க. அதோட இலைச்சாறும் விதை முளைப்பைக் குறைக்கும்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா அதே மர நிழலில்தான் நம்ம மண்ணோட காட்டு மரங்களை வளர்த்தெடுத்தாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஒர்க் ட்ரீ ஏகப்பட்டது சாய்ஞ்சப்போ, கீழே வளர்ந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைச்சுது. ஒரு மரம் எல்லாருக்கும் விஷமும் இல்லை, எல்லாருக்கும் தோழனும் இல்லை. எந்த மண், எந்தப் பயிர், எவ்வளவு தண்ணி என்பதில் இருக்கு.

மன்னிப்பு

போன மாசம் பக்கத்து கொல்லைக்காரர் வீட்டுக்கே போனேன். "ஐயா, அன்னைக்கு நான் சொன்னது பாதிதான் உண்மை"ன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "நான் விஷம் வைக்கிறவன்னு ஊரே சொல்லுச்சு தம்பி"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இப்போ வரப்போரமா மூணு அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்திருக்காங்க, மர வேர் இந்தப் பக்கம் வராம இருக்க. கூலியில் பாதி அவர் கொடுத்தார். உதிர்ற இலையை மாமா கூட்டி அள்ளிடுறார். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை எப்படி வருதுன்னு பார்க்கணும். ரெண்டு பேரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. ஆனா போர்வெல் முறை பழையபடி ஓடுது.

உங்க வரப்பிலும் இப்படி ஒரு மரம் இருந்தா, யாரையும் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி பன்னிரண்டு டீ கப் வாங்குங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.