ரேடாரும் வீராம்பட்டினத்துப் படகுகளும்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தைச் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தின் பொருட்டே நம் நேயர்களில் பலர் அறிவர். அவ்வூரார் கடலை நம்பிப் பிழைப்பவர். அவர்களுடைய சிறு படகுகளுக்கும் தேச ரக்ஷணைக்கான ரேடார் யந்திரங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைக் குறித்து இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

2008 நவம்பர் 26-ல் பம்பாயைத் தாக்கிய கொலைஞர்கள், ‘குபேர்’ என்னும் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதிலேயே நம் கரையை நெருங்கினர். அதன் பின்னர் தேசத்தின் கரைகளிலும் தீவுகளிலும் முதற் கட்டமாக 46 ரேடார் நிலையங்கள் நிறுவப்பட்டன. இத்தகைய யந்திரம் எவ்வளவு தூரம் காணும், எத்தனை முறை ஏமாறும் என்று எவ்வாறு அறிவது? ஒவ்வொரு நிலைமைக்கும் கடலில் படகு விட்டுப் பார்ப்பதற்குக் காலமும் பொருளும் போதா. ஆகையால் நிபுணர்கள் கடலையும் படகையும் ரேடாரையும் கம்ப்யூட்டருக்குள் கணித வடிவில் அமைத்து, லக்ஷக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். இதனைப் பாவனைப் பரீட்சை எனலாம்.

இதன் பயன் பெரிது. தூரம் இரட்டித்தால் எதிரொலியின் பலம் 16-ல் ஒரு பங்காகக் குறையும். ரேடார் 49 மீட்டர் உயரத்திலும் படகு 1 மீட்டர் உயரத்திலும் இருப்பின், பூமியின் வளைவால் சாதாரணக் காற்றில் சுமார் 33 கிலோமீட்டருக்கு அப்பால் காண்பதரிது. இவை எளிய கணக்குகள். ஆனால் ஆடும் படகின் எதிரொலி கணத்துக்குக் கணம் மாறும். அதற்கெனப் பீட்டர் ஸ்வெர்லிங் 1954-ல் வகுத்த மாதிரிகள் இன்றும் வழங்குகின்றன. பத்து லக்ஷத்தில் ஒன்றாக எழும் பொய் எச்சரிக்கையை நூறு தடவையேனும் காணப் பத்துக் கோடி சோதனைகள் வேண்டும். ஒவ்வொரு வகை அலைக்கும் காற்றுக்கும் இதைச் செய்யக் கம்ப்யூட்டரே தகுந்த கருவி.

எனினும், சாக்ஷி தெளிவாகப் பேசுகிறான் என்பதற்காக எந்த நியாயஸ்தலமும் அவனை நம்பிவிடுவதில்லை. அவன் நேரில் கண்டது யாது என்று கேட்கும். பாவனைப் பரீட்சை, தனக்குப் புகட்டியதையே திருப்பிச் சொல்லும் சாக்ஷி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பம்பாய்க் கரையிலிருந்த ரேடார் ஒன்று, கோடையில் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையின் எதிரொலிகளைப் பெற்றது. கடலின் மேலிருந்த ஈரக்காற்றும் அதன்மேற் படர்ந்த உலர்காற்றும் ரேடார் அலைகளை வளைத்துச் சென்றதே காரணம். வேற்றுக் கடலின் காற்றை வைத்துக் கணக்கிட்டவர் இதனை எதிர்பார்த்திரார்.

வங்கக் கடலின் இயல்பும் தனியானதே. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீச, அலைகளின் எதிரொலி பெருகும். ஃபைபர் படகின் உடலோ சொற்பமே பிரதிபலிக்கும். அதன் எஞ்ஜினும் அலைத் தாழ்வில் மறையும். அமைதிக் கடலை மாத்திரம் கொண்டு பரீக்ஷித்த ரேடார் இங்கே இரு வகையில் தவறும்: பகைவன் படகு தப்பும், அன்றி, அலையைப் படகென்று கூவிக் கூவிக் காவலரைச் சலிப்படையச் செய்யும். இரண்டாலும் முதலில் துன்புறுவோர் கரையில் வாழும் ஏழைகளே.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. நமது கடலின் அலை, காற்று, ஈரம் ஆகியவற்றைப் பருவந்தோறும் அளந்து அவ்வளவுகளையே கம்ப்யூட்டருக்கு ஊட்ட வேண்டும். பின்னர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் படகுகளைத் தக்க கூலி கொடுத்து அமர்த்தி, கணக்கு கூறியதைக் கடலிலே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எந்த மாதத்தில் எந்த அலை எழும் என்பதை அம்மீனவர் நன்கறிவர். அவ்வறிவைக் கேளாமல் செய்யும் பரீட்சை எவ்வளவு நுட்பமாயினும் பூர்த்தியானதாகாது என்பதே நமது அபிப்பிராயம்.