வீடியோ கேமுக்குள்ளே ஷூட்டிங்... நையாண்டிக்குப் புது மேடை! ‘மெஷினிமா’ என்றால் என்ன?

மதுரை சிம்மக்கல் சந்திப்பில் ஒரு சீன் எடுக்கணும்னா என்னென்ன வேணும்? அனுமதி, கேமரா, லைட்டு, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒதுக்க நாலு பேர். இது எதுவுமே இல்லாமல், ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு வீடியோ கேமையும் வைத்தே படம் எடுக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் ‘மெஷினிமா’. மெஷினும் சினிமாவும் சேர்ந்த சொல் இது.

எப்படி எடுக்கிறார்கள்?

கேமில் வரும் உருவங்கள்தான் நடிகர்கள். ஆளுக்கொரு உருவத்தை இயக்குவார்கள். ஒருவருடைய திரை கேமராவாக மாறும். அதைப் பதிவு செய்து, வசனத்தைச் சேர்த்தால் படம் ரெடி. வழக்கமான 3டி அனிமேஷனில் ஒவ்வொரு ஃபிரேமும் ரெண்டர் ஆகும்வரை காத்துக் கிடக்கணும். கேம் எஞ்சின் காட்சியை உடனுக்குடன் உருவாக்கிவிடும். அதனால் செலவும் நேரமும் மிச்சம்.

‘அட, இது தோல்பாவைக்கூத்து மாதிரில்ல இருக்கு!’ என்று தோன்றுகிறதா? சரிதான். அங்கும் திரைக்குப் பின்னால் ஒருவரே பாவைகளை ஆட்டி, குரலை மாற்றி மாற்றிப் பேசுவார். ராமாயணக் கதை நடக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து ஊர் நடப்பைக் கிண்டலடிப்பார்கள்.

எப்போது தொடங்கியது?

1996-ல் ‘குவேக்’ கேமில் எடுக்கப்பட்ட ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ முதல் முயற்சிகளில் ஒன்று. ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 2003-ல் ‘ஹேலோ’ கேமுக்குள் ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’ தொடர் வந்தது. சண்டை போட வேண்டிய வீரர்கள், நாம எதுக்கு இங்க நிக்கிறோம் என்று வெட்டிக்கதை பேசுவார்கள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. தலை ஆடினால் அவர் பேசுகிறார் என்று அர்த்தம். அந்தக் குறையே சிரிப்பானது. 2023-ல் கழிவறைக் கோப்பைக்குள்ளிருந்து தலை நீட்டும் ‘ஸ்கிபிடி டாய்லெட்’ தொடர், சிறுவர்களிடம் உலகம் முழுக்கப் பரவியது.

சிரிப்பு மட்டும்தானா?

இல்லை. 2005-ல் பாரிஸ் அருகே, போலீஸுக்குப் பயந்து மின்நிலையத்தில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பிரான்ஸ் முழுக்கக் கலவரம் வெடித்தது. அலெக்ஸ் சான் என்ற இளைஞர் ‘தி மூவிஸ்’ கேமை வைத்து ‘தி ஃபிரெஞ்ச் டெமாக்ரசி’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதற்கு முன் அவருக்குப் பட அனுபவமே கிடையாது. கேமில் பாரிஸ் இல்லை. இருந்த செட்டுகளை வைத்தே சமாளித்தார். டிவி செய்திகளில் அதிகம் கேட்காத புறநகர் இளைஞர்களின் கோபத்தை அந்தப் படம் பேசியது.

2021 ஊரடங்கில் வேலையிழந்த இரண்டு பிரிட்டிஷ் நடிகர்கள், ‘ஜிடிஏ’ ஆன்லைன் கேமுக்குள் ‘ஹாம்லெட்’ நாடகம் போட முயன்றார்கள். ஒத்திகை நடுவிலேயே யாராவது வந்து சுட்டுவிடுவார்கள்! அந்தக் கூத்துதான் 2024-ல் ‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’ என்ற ஆவணப்படமானது.

நம்ம ஊருக்குப் பொருந்துமா?

2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைக் கரைக்கே தள்ளியது. மீம்ஸ் குவிந்தது. நிஜமே இவ்வளவு அபத்தமாக இருக்கும்போது, நையாண்டிக்குக் கதை தேடி அலைய வேண்டாம். ‘பிளெண்டர்’ இலவச மென்பொருள். ‘அன்ரியல் எஞ்சின்’ தனிநபர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

எதில் கவனம் தேவை?

கேமின் உருவங்கள் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். பல நிறுவனங்கள் விதிகளோடு அனுமதிக்கின்றன. பணம் சம்பாதிக்கும் முன் அந்த விதிகளைப் படிக்கணும். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் யூடியூப் தடுக்கலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால், நையாண்டி என்ற சொல் அதில் இல்லை.

இன்னொரு பக்கம், அரசியல் கேலி. 2017-ல் ஒரு கார்ட்டூனுக்காக பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனைத் தொடர்ந்து விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. கேமரா இல்லாமல் படம் எடுக்கலாம். ஆனால் கிண்டலுக்கு வரும் சிக்கல், கேமுக்குள் எடுத்தாலும் வெளியேதான் காத்திருக்கும்.