உங்களுக்குத் தெரியுமா? வாயும் ஒரு கண்தான்!

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான். மடியில் பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கும்.

கண்ணுக்குத் துணையாக வாயும் உண்டு. 'எதை எடுத்தாலும் வாயில வைக்குது' என்று நாம்தான் பிடுங்குகிறோம். 1979-இல் அமெரிக்காவில் மெல்ட்ஸாஃப், போர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மாதக் குழந்தைகளுக்குச் சூப்பான் கொடுத்தார்கள். சிலருக்கு வழுவழுப்பானது, சிலருக்கு முண்டுமுண்டானது. கண்ணில் காட்டாமலே வாயில் வைத்து எடுத்துவிட்டு, பிறகு இரண்டு வடிவங்களையும் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் தாம் சப்பியதையே அதிக நேரம் பார்த்தன! மற்றவர்கள் செய்து பார்த்தபோது எப்போதும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொட்டதைக் கண்ணால் அறிவது பற்றி ஒரு பழைய புதிரும் உண்டு: பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொட்டுப் பழகிய பொருளைக் கண்ணால் அடையாளம் காண்பாரா? 1688-இல் அயர்லாந்துக்காரர் வில்லியம் மாலினோ கேட்ட கேள்வி இது. பதில் கிடைத்தது நம் நாட்டில். ஆய்வாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற சிறுவர் சிறுமியர் முதலில் தடுமாறினார்கள். அவர்களில் சிலரைச் சில நாள் கழித்துச் சோதித்தபோது நன்றாகவே தேறியிருந்தார்கள்.

கண் மட்டும் பார்க்கும்போதும் ஒரு புதிர்: ஒரு பெட்டிக்குப் பின்னால் குச்சி. மேல்நுனியும் கீழ்நுனியும் மட்டும் வெளியே தெரிகின்றன. குச்சி ஒன்றா, இரண்டு துண்டுகளா? கெல்மன், ஸ்பெல்கி என்ற ஆய்வாளர்கள் (1983) நுனிகள் சேர்ந்து இடமும் வலமும் அசையும்படி செய்து, நான்கு மாதக் குழந்தைகளுக்கு அலுக்கும்வரை காட்டினார்கள். பிறகு பெட்டியை எடுத்துவிட்டு முழுக்குச்சியையும் இரண்டு துண்டுகளையும் காட்டினால், குழந்தைகள் துண்டுகளைத்தான் வெறித்துப் பார்த்தன. முழுக்குச்சி அவர்களுக்குப் பழைய சங்கதி! குச்சி அசையாமல் இருந்தபோது இந்த வித்தியாசம் இல்லை. நிறமோ வடிவமோ அல்ல, அசைவுதான் அந்த வயதில் பெரிய துப்பு.

மூன்று நான்கு மாதத்திலேயே குழந்தைகள் பூனைப் படங்களையும் நாய்ப் படங்களையும் வேறுவேறு வகையாகப் பிரித்துவிடுகின்றன. பெயரெல்லாம் பிறகுதான்.

இன்னொரு வேடிக்கை: ஆறு மாதக் குழந்தைக்கு இந்தக் குரங்கு வேறு, அந்தக் குரங்கு வேறு என்று முகம் பார்த்தே தெரியும். ஒன்பது மாதத்தில் அது போய்விடும், நமக்கும் இல்லை. ஆனால் இடைப்பட்ட மூன்று மாதமும் ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு பெயர் சொல்லிப் படம் காட்டிவந்த வீடுகளில், குழந்தைகள் அதை மறக்கவில்லை.