வகுப்பில் இரண்டு கவிதா: யாருக்கு என்ன அடைமொழி?



"கவிதா, எழுந்து வாசிம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். இரண்டு தலைகள் நிமிர்கின்றன. "எந்தக் கவிதா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நீங்கள் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொள்கிறது: "குண்டு கவிதாவா, மற்ற கவிதாவா?" வகுப்பே சிரிக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் சிரிப்பதில்லை. ஒருத்திக்கு உடம்பைச் சொல்லிவிட்டார்கள் என்ற வருத்தம். இன்னொருத்திக்குத் தான் வெறும் 'மற்றவள்' ஆகிவிட்டோமே என்ற வருத்தம்.

ஒரே பெயரில் இருவர் இருப்பது சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் முதல் வாரத்தில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் படிவம் ஐந்து முடியும்வரை கூடவே வரும். இதை எப்படிக் கையாள்வது என்பதற்கு நாம் கற்பிக்கும் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் நல்ல வழி இருக்கிறது.

பதிவேடு தீர்த்து வைக்காதா?

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது சொந்தப் பெயர், அதற்கு முன் தலைப்பெழுத்து. மலேசியாவில் ஏ/எல், ஏ/பி என்றும், சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்றும் தந்தை பெயரைச் சேர்த்துப் பதிகிறோம். தமிழில் எழுதும்போது த/பெ என்கிறோம். ஆகவே பதிவேட்டில் குழப்பம் குறைவு. அப்படியும் மீறி வந்தால், 12 இலக்க அடையாள அட்டை எண் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் வாயால் கூப்பிடும்போது யாரும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ச. கவிதா' என்று கூப்பிடலாம்; இருவருக்கும் தலைப்பெழுத்து 'ச' என்றால் அதுவும் உதவாது.

ரூமி எழுத்தில் இன்னொரு சிக்கல். வள்ளியும் வல்லியும் தமிழில் வேறு வேறு பெயர்கள். ரூமியில் லகர, ளகர வேறுபாடு இல்லாததால் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழாசிரியர் வருகைப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

இனமுள்ள அடை, இனமில்லா அடை

பெயருக்கு முன்னால் நின்று அதைச் சிறப்பிக்கும் சொல் அடைமொழி. அது இரண்டு வகைப்படும்.

'செந்தாமரை' என்கிறோம். வெண்தாமரையும் உண்டு. ஆகவே 'செம்மை' என்ற அடை ஒரு தாமரையை இன்னொரு தாமரையிலிருந்து பிரிக்கிறது. இது இனமுள்ள அடைமொழி.

'செஞ்ஞாயிறு' என்கிறோம். கருஞாயிறு என்று ஒன்று இல்லை. இங்கே அடை எதையும் பிரிக்கவில்லை. இது இனமில்லா அடைமொழி.

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். ஒரே ஒரு கவிதா இருக்கும் வகுப்பில் 'கெட்டிக்காரக் கவிதா' என்றால் அது வெறும் பாராட்டு. யாருக்கும் பாதிப்பு இல்லை. இரண்டு கவிதா இருக்கும் வகுப்பில் அதே சொல் இனமுள்ள அடையாக மாறிவிடுகிறது. 'அப்படியென்றால் மற்றவள் கெட்டிக்காரி இல்லை' என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. நீங்கள் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும். ஒருத்திக்கு வைக்கும் அடை இருவரைப் பற்றியும் பேசுகிறது என்பதை மறக்கவே கூடாது.

பெயர் ஆறு வகை, அடையும் ஆறு வகை

பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல் ஆறு வகை என்று படித்திருக்கிறீர்கள். சங்ககாலப் புலவர், அரசர் பெயர்களுக்கு முன்னால் உள்ள அடைகளையும் இப்படியே வகைப்படுத்திப் பார்க்கலாம்.

பொருள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம்.

இடம்: ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார். இருவரும் ஒரே ஊர். பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்பால், பெண்பால் விகுதிதான் இவர்களைப் பிரிக்கிறது.

காலம்: தொல்கபிலர். 'தொல்' என்பது பழமையைக் குறிக்கும்.

சினை: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். 'முடம்' என்பது உடற்குறையைச் சுட்டும் சொல்.

குணம்: நெடுஞ்செழியன், இளம்பெருவழுதி. நெடுமை, இளமை ஆகிய பண்புகள் அடையாக வந்துள்ளன.

தொழில்: பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ. பாடியது என்ன என்பதே அடையாளம்.

தந்தை பெயராலும் பிரித்தார்கள். நெடுநல்வாடை பாடிய நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்கிறோம். கணக்காயர் என்றால் ஆசிரியர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை!

பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ இணையை மறுபடியும் கவனியுங்கள். ஒருவரை வெறும் 'கடுங்கோ' என்று விட்டுவிட்டு, அடுத்தவரை 'இன்னொரு கடுங்கோ' என்று சொல்லவில்லை. இருவருக்கும் அடை உண்டு. இரண்டும் அவரவர் பாடலிலிருந்து வந்தவை.

முடமோசியார் பெயரைப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்திலேயே உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டார்களே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பழைய வழக்கம் என்பதற்காக அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆறில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது நம் கையில் இருக்கிறது.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, சினையை அறவே விடுங்கள். குண்டு, நெட்டை, கறுப்பு, கண்ணாடி எதுவும் வேண்டாம். மாணவர்கள் சொன்னாலும் அந்தச் சொல்லை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். ஆசிரியர் வாயில் வந்துவிட்டால் அதற்கு அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, குணத்தையும் மதிப்பெண்ணையும் தவிர்த்துவிடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

மூன்றாவது, தந்தை பெயரைச் சேர்க்குமுன் யோசியுங்கள். சில பிள்ளைகளுக்கு அது பெருமை. அப்பா வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு அது தினமும் ஒரு குத்தல். எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, அடையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டு, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? வீட்டில் என்ன பெயர் சொல்வாங்க?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. வலைப்பந்து கவிதா, நூலகக் கவிதா என்று தொழில்வழி வந்தாலும் சரி, குடியிருப்பின் பெயரால் வந்தாலும் சரி. இருவருக்கும் அடை இருக்க வேண்டும். ஒருத்தி மட்டும் 'அசல்' ஆகிவிடக் கூடாது.

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். ஒரே பெயரில் இருவர் இருந்தால் 'கணித டீச்சர்', 'அறிவியல் டீச்சர்' என்று பாடத்தைச் சொல்லிவிடுகிறோம். நமக்கு நாமே காட்டிக்கொள்ளும் மரியாதையைப் பிள்ளைகளுக்கும் காட்டலாமே.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

அடையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஔவையாரே சான்று. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்ககால ஔவையார். ஆத்திசூடி, கொன்றை வேந்தன் பாடியவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வேறோர் ஔவையார். பெயரோடு பிரித்துக் காட்டும் அடை நிலைக்காததால், மக்கள் மனத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே பாட்டியாகிவிட்டார்கள். ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. விடைத்தாளில் 'நெல்லிக்கனி பெற்ற ஔவையார் ஆத்திசூடியை இயற்றினார்' என்று எழுதிவிடாதீர்கள்.

நெடுஞ்செழியன் என்று மட்டும் எழுதினாலும் விடை முழுமை பெறாது. கல்வியின் சிறப்பைச் சொல்லும் புறநானூற்று 183ஆம் பாடலைப் பாடியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். 72ஆம் பாடலில் வஞ்சினம் கூறுபவர் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். அடை நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினால் ஆளே மாறிவிடுவார்.

அதேபோல, பாரியின் நண்பர் கபிலர் வேறு, பதினோராம் திருமுறையில் இடம்பெறும் கபிலதேவ நாயனார் வேறு.

செய்து பாருங்கள்

1. பின்வருவனவற்றுள் இனமுள்ள அடை எது, இனமில்லா அடை எது? செந்தாமரை, செஞ்ஞாயிறு, இரண்டு குமரன்கள் உள்ள வகுப்பில் 'கடைசி வரிசைக் குமரன்'.

2. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் தெரியாததால், அவர் பாடலில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு தொடரை எடுத்து உங்களுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் பெயரே கொண்ட நண்பர் ஒருவர் இருந்தால், அவருக்குப் பிடிக்கும் அடை எது என்று அவரிடமே கேட்டு, 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள்.

மூன்றாம் பயிற்சியை வகுப்பில் கொடுக்கும் ஆசிரியர்கள், முதலில் உங்கள் வகுப்பில் உள்ள இரண்டு கவிதாக்களிடமும் பேசிவிட்டுக் கொடுங்கள்.