அலையைப் பிடிப்பவர் இரண்டு பேர்!

குட்டீஸ், கடற்கரைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? மணலில் வீடு கட்டுவீர்கள். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் சாப்பிடுவீர்கள். அலை வந்ததும் 'ஓ'வென்று கத்திக்கொண்டு ஓடுவீர்கள். ஆனால், இன்று உங்களுக்கு வேறு ஒரு வேலை காத்திருக்கிறது. கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, தோளில் பை... ஆமாம், இன்று நீங்கள்தான் போட்டோகிராபர்! படம் எடுக்கப் போவது தேசிய அலைச்சறுக்குப் போட்டியை. என்ன, தயாரா?

எங்கே போகிறோம்?

கர்நாடகத்தில், மங்களூருக்கு அருகே சசிஹித்லு என்று ஒரு கடற்கரை இருக்கிறது. நந்தினி, சாம்பவி என்ற இரண்டு ஆறுகள் அங்கே கடலில் கலக்கின்றன. 'இந்தியன் ஓபன்' அலைச்சறுக்குப் போட்டி 2016-ம் ஆண்டு அங்கேதான் நடந்தது. அதன் பிறகும் பல முறை மங்களூரு பகுதியிலேயே நடந்திருக்கிறது. மே மாதக் கடைசி, ஜூன் தொடக்கம்தான் போட்டிக்காலம். தென்மேற்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும் நேரம். கடலில் நல்ல அலை இருக்கும். வானத்தில் மேகமும் இருக்கும். அதனால் பையில் ஒரு பிளாஸ்டிக் உறையையும் போட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் உங்களுக்கு அல்ல, கேமராவுக்கு!

போட்டி எப்படி நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு சுற்றில் பெரும்பாலும் நான்கு பேர் கடலில் இறங்குவார்கள். சுமார் 20 நிமிடம் நேரம். அதற்குள் ஒருவர் பல அலைகளைப் பிடிக்கலாம். ஒவ்வோர் அலைக்கும் நடுவர்கள் 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். ஒருவருடைய மிகச் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டுவார்கள். அதாவது மொத்தம் 20-க்கு. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறச் சட்டை போட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் நடுவருக்கும், கரையில் நிற்கும் உங்களுக்கும் அந்த நிறம்தான் அடையாளம். எந்த நிறம் யார் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தெரியுமா? நாளைக்குப் படத்துக்குக் கீழே பெயர் மாறி வந்தால், ஒருவர் பிடித்த அலை இன்னொருவருக்குப் போய்விடும்!

கடலைப் படியுங்கள்

கேமராவை உடனே கண்ணில் வைக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் கடலை மட்டும் பாருங்கள்.

அலை என்றால் தண்ணீர் ஓடி வருகிறது என்றுதானே நினைக்கிறோம்? அது தவறு. ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்து உதறிப் பாருங்கள். வளைவு மட்டும் மறுமுனைக்கு ஓடும். கயிறு உங்கள் கையிலேயே இருக்கும். கடலிலும் அப்படித்தான். எங்கோ தொலைதூரத்தில் வீசிய காற்று கொடுத்த ஆற்றல்தான் ஓடி வருகிறது. கரை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பகுதியின் வேகமும் குறைகிறது. மேல்பகுதி முந்திக்கொண்டு போய் உடைந்து விழுகிறது. அந்த உடையும் இடத்தில்தான் அலைச்சறுக்கு வீரர்கள் காத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. நாலைந்து சேர்ந்து ஒரு கூட்டமாக வரும். பிறகு கடல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடியும் ஒரு கூட்டம் வரும். இந்த இடைவெளி எவ்வளவு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், எப்போது தயாராக இருக்க வேண்டும் என்று கடலே உங்களுக்குச் சொல்லிவிடும்.

நான்கு பேரில் யாரைக் குறி வைப்பது? அலை எந்த இடத்தில் உடையத் தொடங்குகிறதோ, அதற்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. இது அலைச்சறுக்கின் அடிப்படை விதி. விதி தெரிந்தால் கேமராவை யார் பக்கம் திருப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

கணக்கு போடுவோமா?

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்!

ஒரு வீரர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சறுக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேமராவின் ஷட்டர் ஒரு விநாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடுகிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படத்தில் முகம் கலங்கிப் போய்விடும். அதுவே ஒரு விநாடியில் 1000-ல் ஒரு பங்கு என்றால்? வெறும் 6 மில்லிமீட்டர்தான்! முகம் தெளிவாக விழும். தெறிக்கும் தண்ணீர்த் துளிகள்கூட மணி மணியாக நிற்கும்.

"இப்போதெல்லாம் கேமரா விநாடிக்கு 20 படம் எடுக்கிறதே, அழுத்திக்கொண்டே இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். 20 நிமிடச் சுற்று முழுவதும் அழுத்தினால் எத்தனை படம் வரும்? 24 ஆயிரம்! ஒரே சுற்றுக்கு! அத்தனையையும் உட்கார்ந்து பார்ப்பது யார்? அதனால் எப்போது அழுத்த வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. வீரர் அலையின் அடிவாரத்துக்கு இறங்கி, முழங்காலை மடக்கி, தலையைத் தூக்கி அலையின் உச்சியைப் பார்ப்பார். அடுத்த நொடியே மேலே ஏறிப் பலகையை வெட்டித் திருப்புவார். தண்ணீர் விசிறி போலத் தெறிக்கும். அவர் தலை தூக்கும்போதே நீங்கள் விரலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். விசிறியைப் பார்த்த பிறகு அழுத்தினால் விசிறி முடிந்துபோயிருக்கும்.

சூரியன் எந்தப் பக்கம்?

சசிஹித்லு மேற்குக் கடற்கரை. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெளிச்சம் நேராக வீரரின் முகத்தில் விழும். சட்டையின் நிறமும் பளிச்சென்று தெரியும். மாலையில் சூரியன் கடல் பக்கம் போய்விடும். அப்போது வீரர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். முகம் தெரியாது. ஆனால் பின்னால் பொன்னிறக் கடல்! அதுவும் ஓர் அழகுதான்.

சென்னையை அடுத்த கோவளத்திலும் 2013-ல் அலைச்சறுக்கு விழா தொடங்கியது. மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். இந்த இரண்டு ஊர்களும் கிழக்குக் கடற்கரை. இங்கே எல்லாமே தலைகீழ்! காலையில் கறுப்பு உருவம், மாலையில் தெளிவான முகம். அதே கேமரா, அதே அலை. ஆனால் கடற்கரை மாறினால் போட்டோகிராபரின் நேரக் கணக்கும் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

ஒரு மணல் துகளும் ஒரு கேமராவும்

கரையிலிருந்து எடுப்பவர்கள் நீளமான டெலி லென்ஸ் வைத்திருப்பார்கள். கை வலிக்கும் என்பதால் அதை ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்வார்கள். சிலரோ கேமராவோடு கடலுக்குள்ளேயே நீந்திப் போவார்கள்! அவர்களுடைய கேமரா தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அந்த வளையத்தில் ஒரு மணல் துகளோ, ஒரு தலைமுடியோ ஒட்டியிருந்தால் போதும், அந்த வழியே தண்ணீர் புகுந்துவிடும். கேமராவின் கதை முடிந்தது! அதனால் இறங்கும் முன் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் தண்ணீர்த் துளிகள் நின்றால் படம் கெட்டுவிடும். அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? கண்ணாடியை நாக்கால் நக்குவார்கள்! சிரிக்காதீர்கள். எச்சில் பட்ட கண்ணாடியில் தண்ணீர் துளித் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும்.

இந்த நீச்சல் வேலை எல்லாருக்கும் உரியது அல்ல. கடல் நீச்சலில் நன்றாகத் தேறியவர்களே செய்யலாம். போட்டி நடத்துபவர்களின் அனுமதியும் வேண்டும். வீரரின் வழியில் குறுக்கே போய்விட்டால் இருவருக்கும் காயம் படும். அவருடைய அலையும் வீணாகும். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், இன்னொருவரின் அலையைக் கெடுத்து எடுக்க நமக்கு உரிமை இல்லை.

தண்ணீருக்குள் கேமராவைக் கொண்டுபோன முன்னோடி அமெரிக்காவின் டாம் பிளேக். சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்தவர். அவர் எடுத்த அலைச்சறுக்குப் படங்கள் 1935-ல் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. அவர் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டவர் ஜான் பால் என்ற பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் கடலில்தான்! 1946-ல் தன் படங்களைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

கடைசி இரண்டு நிமிடம்

சரி, சசிஹித்லுவுக்குத் திரும்புவோம். இறுதிச் சுற்று. இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மஞ்சள் சட்டைப் பையன் மூன்றாம் இடத்தில் இருக்கிறான். அவனுக்கு ஒரே ஒரு நல்ல அலை வேண்டும். நீங்கள் சற்று முன் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக் கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்க்கிறீர்கள். கரையில் கூச்சல் கேட்கிறது. நிமிர்ந்தால்... அலை முடிந்துவிட்டது. அவன் பிடித்தான். நீங்கள் பிடிக்கவில்லை.

போட்டோகிராபர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். எடுத்த படத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். வரும் அலை திரும்ப வராது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தஹிதித் தீவில் நடந்தது. பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா 9.90 மதிப்பெண் வாங்கிய அலையிலிருந்து குதித்து வெளியே வந்தார். ஜெரோம் புரூயே என்ற போட்டோகிராபர் அலைக்குப் பின்பக்கம் படகில் இருந்தார். அலை மறைத்ததால் மெடினா அவருக்குத் தெரியவே இல்லை. ஆனாலும், 'இந்தப் பக்கம்தான் வெளியே வருவார்' என்று கேமராவைத் தயாராக வைத்திருந்தார். வந்தார்! வானத்தில் நிற்பது போல மெடினா, பக்கத்தில் செங்குத்தாக அவருடைய பலகை. உலகமே வியந்த படம். புரூயேவுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. அவர் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

ஒரு படம் என்ன செய்யும்?

போட்டி முடிந்தது. வென்றவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாக் கேமராவும் அங்கே. மஞ்சள் சட்டைப் பையன் ஓரமாகப் பலகை மேல் உட்கார்ந்து அழுகிறான். அதையும் எடுக்கலாமா? அருகில் போய், "எடுத்துக்கொள்ளட்டுமா, தம்பி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். அவன் மத்தியானம் பிடித்த நல்ல அலையின் படம் உங்களிடம் இருக்குமே, அதை அவனுக்குக் காட்டுங்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. மாமல்லபுரத்து கமலியைத் தெரியுமா? சிறுமியாக இருந்தபோது, கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் பறந்த அவரை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஸ்கேட்போர்டு வீரர் படம் எடுத்தார். உலகப் புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் அந்தப் படத்தைப் பகிர்ந்தார். கமலியைப் பற்றி ஒரு குறும்படம் வந்தது. அது 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இன்று கமலி அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பட்டம் வென்ற வீராங்கனை!

பட்டத்தை வாங்கித் தந்தது அந்தப் படம் அல்ல, கமலியின் உழைப்புதான். ஆனால் மாமல்லபுரத்தில் இப்படி ஒரு சிறுமி இருக்கிறாள் என்று உலகத்துக்குச் சொன்னது அந்த ஒரு 'கிளிக்'!

நீங்களும் செய்து பாருங்கள்

பெரிய கேமரா வேண்டாம். அப்பா, அம்மாவின் செல்போன் போதும். தங்கையைக் கயிறு தாண்டச் சொல்லுங்கள். இரண்டு காலும் தரையில் படாத நொடியை ஒரே ஒரு கிளிக்கில் பிடிக்க வேண்டும். முதலில் படம் எடுக்காமல் பத்து முறை தாண்டுவதை மட்டும் கவனியுங்கள். தாண்டும் தாளம் உங்களுக்குப் பிடிபட்டதும் எடுங்கள். அடுத்த முறை பெரியவர்களோடு கடற்கரைக்குப் போனால், கரையிலேயே உட்கார்ந்து அலைக் கூட்டங்களின் இடைவெளியை எண்ணிப் பாருங்கள்.

கேமராவில் உப்பு படிந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மணல் காற்றில் லென்ஸைக் கழற்றாதீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: கண் கடல் மேல் இருக்கட்டும்!

அதோ... அடுத்த அலைக் கூட்டம் வருகிறது, பாருங்கள்!