வீட்டிற்கும் தோட்டத்திற்கும் சிக்கனச் சாதனங்கள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருக்களில் 'இயற்கைக்கு உகந்தது' என்ற பச்சை முத்திரையுடன் பலவிதச் சாதனங்கள் விற்பனைக்கு வருகின்றன. சங்கத்தில் கடன் பெற்று இவற்றை வாங்கலாமா என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். கடன் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். ஆகவே, ஒரு சாதனம் தன் விலையை எத்தனை காலத்தில் மீட்டுத் தரும் என்று கணக்கிட்ட பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் மின்விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 32 யூனிட் மிச்சமாகும். 60 வாட் குண்டு பல்பிற்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாலையில் 5 மணி நேரம் எரித்தால், அதே காலத்தில் மேலும் 15 யூனிட் குறையும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வாங்குக.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வீட்டிலேயே தறி வைத்து நெய்யும் கைத்தறியாளருக்கு இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அளவிற்குள்ளேயே உபயோகம் அடங்கிவிடும் குடும்பத்திற்குப் புது விசிறியால் ஒரு காசும் மிச்சமாகாது. அவர், பழைய விசிறி பழுதாகும்போது மாற்றிக்கொள்ளலாம். அதற்காக இன்று கடன் வாங்குவது வீண். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியாளரின் கணக்கு வேறு. தறிக்கூடத்தின் இலவச அளவான 1000 யூனிட்டிற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் கைப்பணம்.

கூரைமீது சூரிய மின்தகடு அமைக்க, 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட்டிற்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டிற்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு தினமும் சுமார் 4 யூனிட் தரும். தென்னை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதை விற்பவர் எப்போதும் சொல்வதில்லை.

மின்சாரத்தைவிட நம் பகுதிக்கு முக்கியமானது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி, அதாவது சுமார் 46 சதுர மீட்டர் மாடியில் ஆண்டிற்கு 800 மில்லிமீட்டர் பெய்வதாக வைத்துக்கொண்டால் 36,800 லிட்டராகும். ஆவியாவதும் சிந்துவதும் போக, 29,000 லிட்டராவது மிஞ்சும். 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகள் பல வீடுகளில் இன்று மண்மூடிக் கிடக்கின்றன. குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது. புதுச் சாதனம் வாங்குமுன் அந்தக் குழியைத் தூர் வாருவதே மலிவான வேலை.

முதல் மழை நீரைக் கழித்துவிட வேண்டும். அதில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்கும். பிறகு வருவதை ஜல்லி, மணல், கரி அடுக்கிய வடிதொட்டி வழியே கிணற்றிற்கோ தொட்டிக்கோ விடலாம். தொட்டிக்கு இறுக்கமான மூடி அவசியம். இல்லையேல் டெங்கு கொசு அங்கேயே குடியேறும். சாயம் தோய்க்கும் அங்கத்தினருக்கு இதில் மற்றொரு லாபம் உண்டு. மழைநீரில் உப்புக் கடினம் இல்லை. சோப்பு குறைவாகச் செலவாகும், சாயமும் நூலில் சீராகப் பிடிக்கும்.

தோட்டக்காரருக்கு: சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகின்றன. நாலைந்து மாங்கன்று மட்டும் வைத்திருப்பவர் குழாயைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு கன்றின் அருகே புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், வேர் கேட்கிற அளவே நீர் கசியும். குயவருக்கும் வேலை கிடைக்கும்.

வேலியோரம் இரவெல்லாம் எரியும் அலங்காரச் சூரிய விளக்குகளை என் கருத்தில் வாங்க வேண்டாம். சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய தோப்புகளில் வெளிச்சம் பூச்சிகளையும் வனவிலங்குகளையும் தடுமாற வைக்கும். மட்டமான பாட்டரியும் விரைவில் குப்பையாகும்.

விசிறியோ வடிதொட்டிக் குழாயோ தேவைப்படும் அங்கத்தினர், எண்ணிக்கையை எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தால், சங்கம் மொத்தமாக விலைப்புள்ளி கோர இயலும். தூர் வாரும் வேலையை ஐப்பசி மழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும்.