கிணற்றில் இறங்கிய கம்ப்யூட்டர்



ஆண்டு மலருக்குத் தொழில்நுட்பக் கட்டுரை வேண்டும் என்று பேரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு நினைவு வந்தது எங்கள் தோட்டத்துக் கிணறுதான். அந்தக் கிணற்றில் போன பொங்கல் லீவில் ஒரு கம்ப்யூட்டரை இறக்கினோம். கைக்கடிகாரம் அளவில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் அது.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். பெரியப்பா மகன் எட்டாவதோடு நின்று, அந்தமானில் சுவராஜ் தீவில் (2018 வரை அதன் பெயர் ஹேவ்லாக்) டைவிங் படகில் வேலைக்குப் போனார். என் முதல் செமஸ்டர் பீஸ் அவர் அனுப்பிய பணம். சிலிண்டர் தூக்கிப்போட்டு வேலையைத் தொடங்கியவர், இப்போது முறையாகப் பயிற்சி பெற்று ஆழத்துக்கு இறங்குகிறார். சேர்த்த காசில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். "தம்பி, நீ டிப்ளமோ படிக்கறவன். இதைச் செட் பண்ணிக் குடுடா" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

அது எதற்கு?

ஹைட்ராலிக்ஸில் படித்ததுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சடாரென்று வந்தால்? கோலி சோடாவை உடைத்ததும் பொங்குமே, அதே கதை உடம்புக்குள். குமிழி மூட்டில் நின்றால் வலி. தண்டுவடத்தில் நின்றால் கால் விழுந்துவிடும்.

தூத்துக்குடிக் கடலில் சங்கு எடுத்தவர்கள் முன்பு மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். பின்னாளில் படகில் கம்ப்ரெஸர் வைத்து, குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருக்கத் தொடங்கிய பிறகு, நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று 1908இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்துப் பட்டியல் போட்டார். உடம்பின் பகுதிகள் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை என்பது அவர் கணக்கு. மெல்லிய துண்டு சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். கிணற்றுக் கயிறு மெதுவாக நனையும், மெதுவாகக் காயும். அப்படி ஐந்து வகை வைத்தார். பின்னர் ஸ்விட்சர்லாந்தின் பூல்மான் பதினாறு வகை வைத்தார். இந்தக் கணக்கைத் தண்ணீருக்குள்ளேயே விடாமல் போடுவதுதான் டைவ் கம்ப்யூட்டரின் வேலை. உள்ளே ஒரு பிரஷர் சென்சார், ஒரு கடிகாரம், ஒரு சிப். 1983 வாக்கில் இவை கடைக்கு வந்தன.

செட்டிங் போட்ட கதை

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன்.

முதலில் பேட்டரி அளவு, பிறகு தேதி, நேரம். அடுத்தது அடியா மீட்டரா? அண்ணன் பழகியது மீட்டர். 60 என்று பார்த்துவிட்டு அது அடியா மீட்டரா என்று ஆழத்தில் யோசிக்க நேரம் கிடையாது.

அடுத்தது உயரம். மலை ஏரியில் டைவ் செய்பவர்களுக்கு மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் கணக்கு மாறும். இந்தக் கருவியில் 0 முதல் 300 மீட்டர் வரை ஒரு நிலை, 300 முதல் 1500 வரை அடுத்த நிலை. கோவை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டர் அல்லவா, நான் இரண்டாவதைப் போட்டேன். அண்ணன் சிரித்தார். "நான் கடல்ல தானடா குதிக்கறேன், காந்திபுரத்துலயா?" சரி, பூஜ்யம்.

பிறகு பாதுகாப்பு நிலை. வயது, உடல் எடை, களைப்பு இவற்றைப் பார்த்துக் கணக்கை இன்னும் இறுக்கமாக்கிக்கொள்ளலாம். தினமும் இறங்குகிறவர் என்பதால் ஒரு படி இறுக்கினோம்.

கடைசியாகக் காற்று. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதம். நைட்ராக்ஸ் என்ற கலவையில் 32 சதம் வரும். நைட்ரஜன் குறைவதால் ஆழத்தில் இருக்கும் நேரம் கூடும். ஆனால் 32 சதக் கலவையோடு சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, அங்கே ஆக்சிஜனே விஷமாகத் தொடங்கும். புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியபடியே பட்டனை அழுத்தினேன். முடிந்தது என்று பெருமையாக நீட்டினேன்.

அண்ணன் பிளான் பக்கத்தைத் திறந்தார். இறங்கும் முன்பே, இந்த ஆழத்தில் இத்தனை நிமிடம் என்று காட்டும் பக்கம் அது. 18, 21, 24 என்று தட்டிக்கொண்டே போனவர், 30இல் நின்றார்.

"இருபத்தேழு நிமிஷம் காட்டுது. முப்பது மீட்டருக்கு இருவது நிமிஷத்துக்கு மேல எங்க மாஸ்டர் குடுத்ததே இல்லியே. இது தப்பு தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்றேன். அவர் அசையவில்லை. முதலிலிருந்து பார்த்தோம். காற்று என்ற இடத்தில் 32! புத்தகத்தில் உதாரணத்துக்குப் போட்டிருந்த எண்ணை நான் அப்படியே போட்டிருந்தேன். சாதாரணக் காற்றைச் சுமந்துகொண்டு அந்த 27 நிமிடத்தை நம்பி அவர் கீழே இருந்திருந்தால்? நண்பர்களே, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

21 போட்டோம். அளவு 20க்குக் கீழே இறங்கியது. "இப்ப சரி" என்றார்.

கிணற்றுச் சோதனை

மறுநாள் காலை, கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டேன். வெங்காயம் வரும் வலைப்பையில் கருவியையும் ஒரு கல்லையும் கட்டினோம். தண்ணீர் பட்டதும் தானாக விழித்துக்கொண்டது. தண்ணீர் மட்டத்திலிருந்து சரியாகப் பத்து முடிச்சு இறக்கினோம். அப்பத்தா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, கடியாரத்துக்குக் குளிப்பாட்டறீங்களா?" என்றார்.

மேலே எடுத்தால் அதிகபட்ச ஆழம் 9.7 மீட்டர். கருவி கோளாறு என்று நினைத்தோம். மூன்று முறை இறக்கினோம், அதே 9.7. கடைசியில் ஹைட்ராலிக்ஸ் நோட்டுதான் கை கொடுத்தது. கருவி அளப்பது அழுத்தத்தை. அதைக் கடல் தண்ணீரின் கனத்தை வைத்து ஆழமாக மாற்றுகிறது. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட சுமார் இரண்டரை சதம் கனம். 10ஐ 1.025ஆல் வகுத்துப் பாருங்கள், விடை 9.76. கருவி சரி! சில மாடல்களில் நன்னீர், உப்புநீர் என்று மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு.

அடுத்து ஏறும் வேகம். நிமிடத்துக்கு சுமார் 10 மீட்டருக்கு மேல் வேகம் போகக்கூடாது. அதாவது ஒரு முடிச்சுக்கு ஆறு எண்ண வேண்டும். வேண்டுமென்றே சரசரவென்று இழுத்தேன். தண்ணீர் மட்டத்துக்கு வரும்போதே 'பீப் பீப்' என்று கத்தியது. ஆறு ஆறாக எண்ணி இழுத்தபோது சத்தமே இல்லை. அந்த எண்ணிக்கை அண்ணன் மனதில் பதிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து பார்த்தால் திரையில் விமானப் படம், 'பறக்காதே' என்று! வலைப்பைக்குள் ஒரு மனிதன் இறங்கியதாகவே அது கணக்கு வைத்திருக்கிறது. சாதாரணமாக ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது டைவர்களுக்கான பொது அறிவுரை. ஒருவர் கட்டிய கம்ப்யூட்டரை அடுத்தவர் வாங்கிக் கட்டக்கூடாது என்பதும் இதனால்தான். முந்தைய ஆளின் நைட்ரஜன் கணக்கு அதில் மிச்சமிருக்கும்.

பழகும் முறை

மூன்று நாள் மாலையில் அண்ணனுக்கு நான் பரீட்சை வைத்தேன். கையை வாளித் தண்ணீரில் விட்டு, ஒரே பார்வையில் மூன்று எண் சொல்ல வேண்டும்: ஆழம், மீதி நிமிடம், ஆன நேரம். ஈர விரலால், பார்க்காமல், பட்டன் அழுத்த வேண்டும். எந்த 'பீப்' எதற்கு என்று சொல்ல வேண்டும். மீதி நிமிடம் தீரும்வரை காத்திருக்காமல் முன்பே மேலே கிளம்ப வேண்டும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றே வெளியே வர வேண்டும். கருவி நடுவில் நின்றுபோனால் டைவை முடித்துக்கொண்டு, அதே போல மெதுவாக ஏறி நின்று வர வேண்டும். வேறு கருவி வாங்கிக் கட்டி அன்று மறுபடி இறங்கக்கூடாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

எல்லாவற்றிலும் தேறினார். பதிலுக்கு அவர் எனக்கு ஒரு விதி சொன்னார். "ஒவ்வொரு தடவையும் எறங்கறதுக்கு முன்னால காத்து எத்தனைன்னு நீயே வாய் விட்டுப் படி. நேத்து பாத்தேன்னு உடாதே."

நாளைக்கு நாம் ஒர்க்‌ஷாப்பிலும் மில்லிலும் கம்பெனியிலும் எத்தனையோ மீட்டர்களைப் பார்க்கப் போகிறோம். மீட்டர் நாம் கொடுத்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடும். கொடுத்த எண் சரிதானா என்று கேட்க, அந்த வேலையை வருஷக்கணக்கில் பார்த்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் எட்டாவது படித்தவராக இருந்தாலும் கேட்டுக்கொள்ள நமக்குக் காது வேண்டும்.

இப்போது அண்ணன் தினமும் மேலே வந்ததும் ஒரு மெசேஜ் போடுகிறார். "21. சரி." அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் நான் புத்தகத்தைத் திறக்கிறேன்.



— மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு மாணவன்